சூடேறிய என்ஜினும் வாங்காத ரசீதும்

மாமல்லபுரம் தாண்டிச் சென்னை திரும்பிக்கொண்டிருந்தவர், டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே நகர்வதைப் பார்த்திருக்கிறார். வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத, பதினாறு வயதான ஸ்போர்ட்ஸ் கார். விற்ற டீலருக்குப் போன் போட்டார். "பழைய வண்டின்னா கொஞ்சம் சூடாகத்தான் சார் செய்யும். ஏசிய ஆஃப் பண்ணிட்டு மெதுவா வாங்க" என்று பதில் வந்தது. கோவளம் வரை மெதுவாகத்தான் வந்தார். அங்கே என்ஜின் தானாக நின்றுவிட்டது. ஒர்க் ஷாப்பில் பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. டீலரிடம் போய் நின்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓட்டினது நீங்கதானே சார்?"

இன்னொருவர் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முழங்கை வரை வேகவைத்துக்கொண்டார். மூன்றாமவர் கதை வேறு. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பிறகு வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டர். கடைசியில் பழுது ஃபேனுக்குப் போகும் ஒரு சின்ன ரெசிஸ்டரில் இருந்தது. இவற்றில் எதற்கும் பில் இல்லை. "தெரிஞ்ச பையன்தான் சார், பில் எல்லாம் கேக்கலை" என்றார். தெரிந்த பையனிடம்தான் முதலில் பில் கேட்க வேண்டும்.

வண்டியைத் தவறாகக் கையாள்வது ஒருபக்கம் இருக்கட்டும். எதையும் அளக்காமல் பழுது பார்ப்பதும், அளந்ததை எழுதி வாங்காமல் பணம் கொடுப்பதும்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகின்றன.

முதலில் அந்த முள்ளைப் பற்றி. 1990களுக்குப் பிறகு வந்த பல கார்களில் முள் உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுநர் வீணாகப் பதறக்கூடாது என்று, சுமார் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிட்டார்கள். ஆகவே முள் நடுவை விட்டு நகர்ந்தால், சூடு இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைக்காதீர்கள். அது எப்போதோ தொடங்கிவிட்டது. நகர்ந்ததும் ஓரம் கட்டுங்கள். ஓரம் கட்ட இடமில்லாத மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். என்ஜின் சூட்டில் ஒரு பகுதி உங்கள் மேல் வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது பாலத்தைக் கடக்க மட்டும்தான், வீடு போய்ச் சேர அல்ல. சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ அதே இடத்தில் என்ஜினை அணைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். கூலிங் அமைப்புக்குள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்து மேலே பீய்ச்சும். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள்; ஒரு மணி நேரம்கூட ஆகலாம். என்ஜின் அணைந்திருந்தாலும் மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் வண்டிகள் உண்டு, விரலை உள்ளே விடாதீர்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கீழே சிந்திய கூலண்டை அப்படியே விட்டுப் போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். நாயும் குழந்தையும் அதைத்தான் முதலில் தேடும். குழந்தை நக்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி நோய் அறிதல். மெக்கானிக்கிடம் "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம். எப்போது ஹீட் ஆகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, சுவிட்ச், அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்திருக்கும் குப்பையைச் சந்தேகிக்க வேண்டும். ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில், என்ஜின் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. கசிவு எங்கும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போனாலும், சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. போர்ஷே பாக்ஸ்டரின் முதல் இரண்டு தலைமுறைகளை (1996 முதல் 2012 வரை) எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் இருக்கைக்குப் பின்னால். ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரங்களில். தண்ணீர் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து போய்த் திரும்ப வேண்டும். பம்பரின் வாய் தரையோடு தரையாக இருப்பதால் சருகு, பாலித்தீன் பை, நம் சாலைத் தூசி எல்லாம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய் மெத்தைபோல் அமர்ந்துவிடும். பம்பரைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு 'கிளீன் பண்ணியாச்சு' என்றால் நம்பாதீர்கள். ஃபேன் இரண்டு வேகத்தில் சுற்றும். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது இந்த வண்டிகளில் பழைய கதை. சோதிப்பதற்குக் காசு வேண்டாம்: என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், முன்னால் குனிந்து இரண்டு பக்கமும் காது கொடுங்கள். இரண்டு ஃபேனும் சுற்ற வேண்டும். நான் சொன்ன மூன்றாமவர் இதைச் செய்திருந்தால் ஒரு ரேடியேட்டர் விலை மிச்சம்.

கூலண்ட் மாற்றும்போதும் இந்த நீளமான குழாய்கள்தான் தொல்லை. காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். புனல் வைத்து ஊற்றிவிட்டு அனுப்பினால் அடுத்த நாளே முள் ஏறும், உடனே கேஸ்கட் போய்விட்டது என்று என்ஜினை இறக்குவார்கள். இதே வண்டியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருந்தாலும் அது ஆயில் கூலரின் பழுதாகக்கூட இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

நம் ஊரில் ஒரு வைத்தியம் இருக்கிறது: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி, இந்த வெயிலுக்கு அது எதுக்கு?" பல என்ஜின்களில் சூடானதும் பைபாஸ் பாதையை மூடுவதும் அந்தத் தெர்மோஸ்டாட்தான். அதை எறிந்தால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினுக்குள் சுற்றிச் சுற்றி வரும். போர் தண்ணீர் ஊற்றுவது அடுத்த வைத்தியம். சென்னையின் உப்பு நீர் கெட்டிலில் படிகிற மாதிரியே ரேடியேட்டரிலும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலண்டும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டியது நான்கு அளவுகள். கம்ப்யூட்டர் ஸ்கேனரில் தெரியும் உண்மையான வெப்பநிலை. ஃபேன் எந்த டிகிரியில் ஓடத் தொடங்குகிறது. குளிர்ந்த என்ஜினில், மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை பம்ப் செய்து கால் மணி நேரம் விட்டால் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது. பிளாக் டெஸ்டில் நீலத் திரவம் நீலமாகவே நின்றதா, மஞ்சளானதா. மஞ்சளானால் எரிந்த வாயு தண்ணீரில் இருக்கிறது. இந்தச் சோதனைகளுக்கான கருவி இல்லாத ஒர்க் ஷாப் உங்கள் வண்டியை வைத்துப் பாடம் படிக்கிறது என்று பொருள்.

இந்த நான்கும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். பதிவு எண், ஓடிய கிலோமீட்டர், தேதி, நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே. எஸ்டிமேட் தனியாக, எழுத்தில். 'என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது. கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று நீங்களே பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்ததும் பில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. சூடு ஏறியபோது டீலரையோ மெக்கானிக்கையோ அழைத்திருந்தால், பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: 'இத்தனை மணிக்கு முள் இங்கே நிற்கிறது, வண்டியை நிறுத்திவிட்டேன்.' கோவளம்காரரிடம் இந்த ஒரு வரி இருந்திருந்தால் கதை வேறு.

வாங்கும்போதே விழிப்பாக இருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. வண்டி பார்க்கப் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் பார்க்காமல் திரும்புங்கள். "நீங்க வருவீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்பது உபசாரம் அல்ல. "இப்பதான் சார் எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிச்சது" என்பதும் உத்தரவாதம் அல்ல. 15 ஆண்டு முடிந்த காரை ஆய்வாளர் பார்ப்பது விளக்கு, பிரேக், புகை. அதையும் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஹெட் கேஸ்கட் அவர் பட்டியலில் இல்லை.

விற்பவர் யார் என்று பாருங்கள் என மறுபடி மறுபடி சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. விற்றது வியாபாரம் செய்யும் டீலர் என்றால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உண்டு. பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்தக் காரை விற்றார் என்றால் அவர் வணிகர் அல்லர். ஆணையக் கதவு மூடியது, உரிமையியல் நீதிமன்றம்தான். அப்படி வாங்கும்போது தெரிந்த பழுதுகளையும், இதற்கு முன் சூடேறியதுண்டா என்பதையும் அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். டீலர் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், அப்போதும் கேளுங்கள். முழு விலையையும் வங்கி வழியாகக் கொடுங்கள். பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் அந்தப் பாதியை எந்த ஆணையமும் மீட்டுத் தராது.

சண்டை என்று வந்துவிட்டால் செய்யும் பெரிய தவறு, அவசரப்பட்டு என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடுவது. வளைந்த ஹெட்டை லேத்தில் ஃபேஸிங் போட்டபின் அது வளைந்திருந்தது என்பதற்கு என்ன சாட்சி? ஆகவே முதலில் டீலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இந்தத் தேதியில், இந்த ஒர்க் ஷாப்பில், என்ஜினைத் திறக்கிறோம், வந்து பாருங்கள். வராவிட்டாலும் நல்லது, கடிதம் போன ரசீது இருக்கிறது. திறப்பதை வீடியோ எடுங்கள். நேர் அளவுகோலும் ஃபீலர் கேஜும் வைத்து எத்தனை மில்லிமீட்டர் வளைவு என்று அளக்கச் சொல்லி, அந்த எண்ணை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். பழைய கேஸ்கட்டை எறியாதீர்கள். சோதிக்காமல் குறையை முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையமே பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமே.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். சில டீலர்கள் இதற்கே இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1000. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், டீலரின் ஊருக்கு ஓட வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'பேசிப் பார்க்கலாம்' என்று டீலர் இழுத்தடிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்கி வாங்கி அலுத்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒர்க் ஷாப் மீதான புகாருக்கும் இதே வழிதான்.

காப்பீட்டிலும் அந்த முள்தான் பேசும். கல் பட்டு ரேடியேட்டர் ஓட்டையானால் அது விபத்து, பாலிசி தரும். ஓட்டையோடு ஓட்டி என்ஜின் போனால் அது தொடர் சேதம் என்று மறுத்துவிடுவார்கள். நிறுத்திய இடத்தின் படம், முள் நிற்கும் படம், இழுவை வண்டி ரசீது மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சர்வேயரிடம் பேசுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

என்ஜின் முழுதாகப் போய், புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய என்ஜின் வாங்கிப் பொருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் இருப்பது கழற்றிய என்ஜினின் எண். மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்துப் பதிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதற்கு, பொருத்திய என்ஜினின் எண் எழுதிய பில் வேண்டும். அந்த எண் இல்லாத பில்லை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்காதீர்கள்.