மூளைக்குள்ளே ஒரு மோதிரம்!

புதுக்கோட்டை கீழராஜ வீதி ஜவுளிக்கடையில் வேட்டி விரித்துக் காட்டிக் கொண்டிருந்த என் சித்தப்பா மகன், திடீரென்று சரிந்து விழுந்து கைகால் இழுக்க ஆரம்பித்தான். அடுத்த நிமிஷம் தெருவில் இருந்த அத்தனை சாவிக்கொத்தும் அவன் கையில்! (சாவி ஒன்றும் செய்யாது ஸார். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும்.)

திருச்சிக்கு ஓடினோம். ஸ்கேனில், மூளைக்குள் மோதிரம் மாதிரி ஒரு வளையம்.

"டி.பி. கட்டியா இருக்கலாம். நாடாப்புழுவோட குஞ்சாவும் இருக்கலாம். படத்துல ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி" என்றார் டாக்டர்.

சித்தி கொதித்து விட்டார். "பன்னிக்கறி வாசனையே தெரியாத குடும்பம் டாக்டர்!"

"கறியில வர்றது வயித்துப் புழும்மா. மூளைக்குப் போறது, யாரோ ஒருத்தர் வயித்துப் புழு போட்ட முட்டையால. கழுவாத கை, கழுவாத கீரை போதும். சைவம், அசைவம் பார்க்காது."

டி.பி. என்றால் மாத்திரை ஒரு வருஷம் வரைக்கும் இழுக்கும். புழு என்றால் புழு மருந்து சில நாள்தான். வலிப்பு மாத்திரை இரண்டுக்கும் உண்டு. தம்பிக்கோ அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்!

இந்தக் குழப்பம் பழசு. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், சின்ன வளையம் தெரிந்தாலே நம் நாட்டில் பெரும்பாலும் டி.பி. வைத்தியம்தான். வளையம் தானாக மறையும், பெயர் மாத்திரைக்கு! வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். புழு! 1989-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 1993-ல் அடையாளமும் சொன்னார்கள்: உருண்டையாக, 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புழுப் பக்கம், பெரிதாக, கோணல்மாணலாக இருந்து மூளையைத் தள்ளினால் டி.பி. பக்கம்.

இப்போது எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. பி.காம். பாஷையில் சொன்னால், சாதாப் படம் கம்பெனியின் போர்டு. 'ஸ்பெக்ட்ராஸ்கோபி' என்பது ஆடிட். உள்ளே என்ன ரசாயனம் என்று கணக்கெடுக்கும். டி.பி. கிருமியின் மேல்தோலில் கொழுப்பு அதிகம், அதனால் டி.பி. கட்டியில் கொழுப்புக் கணக்கு எகிறும். புழுவாக இருந்தால், மெல்லிசாக எடுத்த படங்களில் வளையத்துக்குள் ஒரு புள்ளி தெரியலாம். அதுதான் புழுவின் தலை!

ஆடிட்டரும் தவறலாம். சில புற்றுக் கட்டிகளிலும் கொழுப்பு எகிறும். ரொம்பச் சின்னக் கட்டியில் கணக்கே பிடிபடாது. நெஞ்சு எக்ஸ்ரே, மற்ற டெஸ்ட் எல்லாம் சேர்த்துத்தான் தீர்ப்பு.

தம்பிக்குப் புள்ளி தெரிந்தது. சித்தி இப்போது கொத்தமல்லியை ஏழு தண்ணீர் விட்டு அலசுகிறார்.

"பொண்ணு வீட்ல மறைக்க வேணாம்ண்ணே" என்றான். ஃபிலிமையே எடுத்துக்கொண்டு போனோம். பெண்ணின் அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எங்களுக்கு மூச்சே நின்று விட்டது.

"என்ன மாப்பிள்ளே... மோதிரம் நாங்கள்ல போடணும்!" என்றார்.