மருமகள் முழுகாமல் இருக்கிறாளா? முதல் வாரங்களில் பெரியவர்கள் அறிய வேண்டியவை

“நாள் தள்ளிப் போயிருக்கிறது” என்று மகளோ மருமகளோ மெதுவாகச் சொன்னதும், “மூன்று மாதம் முடியட்டும், அதுவரை யாரிடமும் சொல்லாதே” என்பது நம் வீடுகளில் வழக்கம். பக்கத்து லயத்துக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் கிளினிக்குக்கு மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆகவே நாள் தள்ளியது தெரியும்போதே நான்கு வாரம் கடந்திருக்கும். ஆறாவது வாரத்தையொட்டி, குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் சிறு குழாய் மூடிவிட வேண்டும். அது சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமில மாத்திரை. மூன்று மாதம் காத்திருந்து கொடுத்தால் அந்த வேலைக்கு அது பயன்படாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்குவது இன்னும் நல்லது.

12 வாரத்துக்குள் அரசாங்க கிளினிக்கில் பதிவு செய்ய வேண்டும். தாதி இளஞ்சிவப்பு நிறப் புத்தகம் ஒன்றைத் தருவார். எடை, இரத்த அழுத்தம், இரத்த வகை, சிறுநீர்ச் சோதனை எல்லாம் அதில் பதிவாகும். தோட்டத்து டிரெசரும் மருத்துவச்சியும் அந்தக் காலத்தில் மனத்தில் வைத்திருந்ததை இப்போது இந்தப் புத்தகம் வைத்திருக்கிறது. முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். குடும்பத்தில் யாருக்கு இனிப்புநீர், யாருக்கு இரத்தக் கொதிப்பு, யாருக்குப் பேறுகாலத்தில் சிக்கல் வந்தது என்று தாதி கேட்பார். அது உங்களுக்குத்தான் தெரியும்.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பலருக்கு 16 வாரத்துக்குள் தணிந்துவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்றில்லை. தாளிக்கிற வாசமே போதும். அவள் வேலைக்குச் சோம்பல்படுகிறாள் என்று நினைக்க வேண்டாம், இந்த வாரங்களின் அசதி உண்மையானது. கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட இப்போது அவசியமில்லை. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்துவிட்டது என்றால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

கேமரன் மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான்: சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கிறது. இரத்தச்சோகைக்கு அது ஒரு காரணமாகலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு கோப்பை குடிக்கலாம். ஜாமுவோ நாட்டு மருந்தோ கொடுக்கும் முன் தாதியிடம் கேளுங்கள். பப்பாளிக்காயை விலக்குவது சரிதான். நன்கு பழுத்த பழம் அளவோடு கெடுதல் செய்யாது.

கொழுந்து பறிப்பவர் என்றால், கனமான கூடையைத் தூக்காமல் இருக்கவும், பூச்சிமருந்து தெளிக்கும் இடத்துக்குப் போகாமல் இருக்கவும் வேலை மாற்றிக் கேட்கலாம். மருந்து தெளித்துவிட்டு வரும் கணவரின் உடுப்பையும் அவள் துவைக்க வேண்டாம். வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை. கர்ப்பமாக இருப்பதற்காக வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2023 முதல் பேறுகால விடுப்பும் 98 நாள்.

சில கர்ப்பங்கள் முதல் வாரங்களிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் கரு உருவாகும்போதே ஏற்பட்ட கோளாறுதான் காரணம். மேடு ஏறியதாலோ கண்ணூறு பட்டதாலோ அல்ல. அவளைக் குறை சொல்லாதீர்கள். அப்போது அவளுக்கு வேண்டியது உங்கள் துணை.

இரத்தப்போக்கு சாதாரணமானதா ஆபத்தானதா என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கிவிட்டால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். அடிவயிற்றில் கடும் வலி, குறிப்பாக ஒரு பக்கமாக, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், அதிக இரத்தப்போக்கு. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் தோட்டப் பாதையில் வண்டி மெதுவாகத்தான் வரும். உடனே 999 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.