கொல்லிமலைக்குச் சாப்பிடப் போவோம்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களை நம்ம லால்குடிப் பக்கம் விசாரித்தால், 70 கொண்டை ஊசி வளைவையும் ஆகாயகங்கை அருவியையும் சொல்வார்கள். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டுப் பாருங்கள். புரோட்டா, பிரியாணி, போற வழியில் ஒரு கோப்பை முடவாட்டுக்கால் சூப்பு. நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். சாமையும் தினையும் விளைகிற மலையில் ஏறி, மைதாவைத் தின்றுவிட்டு இறங்கியிருக்கிறேன்!

அது நமக்கு அந்நிய மலையும் இல்லை. ஆகாயகங்கையில் விழும் ஐயாற்றுத் தண்ணீர் புளியஞ்சோலை வழியாக நம்ம துறையூர்ப் பக்கம்தான் இறங்குகிறது.

மலையாளி பழங்குடி மக்கள் காத்து வந்த விதைகளின் பெயரைக் கேட்டாலே போய்ப் பார்க்கத் தோன்றும். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, செந்தினை, மூக்காந்தினை, சுருட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. இவற்றின் பரப்பு ஏன் சுருங்கியது? சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேலேறியது. அதில் கையில் காசு வந்தது. ரேஷனில் அரிசியும் கிடைத்தது. சாமையின் உமியோ கெட்டியானது. உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்கே விதை வங்கி, உமி நீக்கும் எந்திரம், குழு விற்பனை என்று வேலை செய்தது. ஆனால் தின்ன ஆள் இல்லாவிட்டால் எந்த விதை வங்கியும் தனியாக நின்று காப்பாற்ற முடியாது. அதனால்தான் நாம் போய்ச் சாப்பிட வேண்டும் என்கிறேன்.

ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இது பழகிப்போன விஷயம். உழவர் வீட்டில் தங்கி, அவர்கள் மாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டியைச் சாப்பிடுவதையே விடுமுறையாக வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் 1985-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது. விருந்தினரால் வருமானம் வரலாம், ஆனால் உழவுதான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்ம ஊரில் தோட்டத்தை அழித்து 'ரிசார்ட்' கட்டுகிறவர்களுக்கு யார் இதைச் சொல்வது?

சரி, எப்போது போவது? ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா, கூட்டம் நெரியும். நமக்கும் அன்றைக்கு ஆற்றங்கரையில் வேலை இருக்கும். கதிரைப் பார்க்கப் புரட்டாசிக் கடைசி நல்லது. ஆனால் சம்பா நடவை விட்டுவிட்டு யார் போவது? எனக்குப் பிடித்தது வைகாசி. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் நமக்கும் கொஞ்சம் ஓய்வு, மலையில் பலா வாசனை மூக்கைத் துளைக்கும். இல்லையென்றால் மாசி. அறுவடை முடிந்திருக்கும், அங்கே மிளகு காய்ந்துகொண்டிருக்கும்.

திருச்சி, நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகச் செம்மேடு போகலாம். வளைவில் வயிறு புரட்டுகிறவர்கள் காலையில் அளவாகச் சாப்பிடுங்க. இரண்டு நாள் போதும். ஆனால் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திடீரென்று போய் நின்றால் பாவம், கடை அரிசியைத்தான் வடிப்பார்கள். ரெண்டாவது தடவை ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிட்டுப் போனோம். சாமைச் சோறு, பலாக்கொட்டைக் குழம்பு, கீரை, கேழ்வரகுக் களி. அந்த வீட்டு அக்கா, "கீழேயிருந்து வர்றவங்க இதைக் கேட்கிறதே இல்லையே" என்றார். ஓட்டலில் கொடுக்கிற விலைக்குக் குறையாமல் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

முடவாட்டுக்கால் சூப்பு ருசிதான். ஆனால் அது பயிரிடும் கிழங்கல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு. பெயர்த்தால் செடியே போச்சு. ஒரு கோப்பை குடியுங்கள், மூட்டை கட்ட வேண்டாம்.

மிளகு, காப்பிக்கொட்டை, சாமை அரிசி வாங்கி வரலாம். விதைக்கு என்றால் உமி நீக்காத சாமையைக் கேட்டு வாங்குங்கள், அரிசி முளைக்காது. மலைவாழைப் பழம் எத்தனை சீப்பு வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் கன்றைத் தூக்கி வராதீர்கள். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் வாழையைக் காலி செய்த முடிக்கொத்து நோய் கன்றோடுதான் பயணம் செய்கிறது. நம்ம கொள்ளிடக் கரை முழுக்க வாழை.

போகும்போது வெறுங்கையோடு போகாமல், உங்கள் வயல் மாப்பிள்ளைச் சம்பாவில் ரெண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுத்ததை அந்த அக்கா கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது விதைநெல் இருக்கா என்றுதான்.