முத்து நகரும் மூழ்கிய தீவும்



தூத்துக்குடி என்றால் உப்பு, மக்ரூன், துறைமுகம் என்று நமக்குத் தெரியும். எங்க அத்தை வீடு அங்கேதான் இருக்கு. அந்த ஊரையும் அதன் கடலையும் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் அங்கே வந்ததற்குக் காரணம் முத்து. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று நாம் பார்க்கும் பனிமய மாதா கோவில் 1713-இல் கட்டப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த ஊரில்தான்.

ஊருக்கு எதிரே கடலில் என்ன இருக்கு தெரியுமா? ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள்! அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-இல் இது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆனது.

பவளப்பாறை வெறும் கல் இல்லை. சின்னஞ்சிறு உயிரிகள் கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர், அதிகம் போனால் சில சென்டிமீட்டர்தான் வளரும். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அங்கேதான். பெரிய அலை கரைக்கு வரும் முன்னே அதன் வேகத்தைக் குறைப்பதும் இந்தப் பாறைதான்.

இதைத்தான் பல வருஷமாக வெட்டி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டு போனார்கள். பாறை போனதும் அலை நேராகத் தீவின் மணலை அரித்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை.

2001-இல் பவளத்தை எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வான் தீவும் கரைந்துகொண்டே போனதால், 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். யோசித்துப் பாருங்கள்! கடலில் சும்மா கிடைத்த சுண்ணாம்பை எடுத்துவிட்டு, காசு கொடுத்துச் சிமெண்டாகத் திருப்பிப் போட வேண்டியதாச்சு.

நம்ம ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வந்ததும் சுண்ணாம்புக்கல்லால்தான். அதனால் நமக்கு இது நல்லாவே புரியும். எடுக்கிறது சுலபம், திரும்ப உண்டாக்குவது கஷ்டம். தூத்துக்குடிக்குப் போனால் கடைகளில் பவளக்கல் விற்றாலும் வாங்காதீர்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி