குறைந்த செலவிற் பிறந்த குற்றப் படங்கள்

பிரித்தானியப் படமாளிகைகளில் ஒரு காலத்தில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் இருந்தது. பெரிய நடிகர் நடித்த படத்தைக் காணச் சென்றவர், அதற்கு முன்னர் ஒரு மணி நேரமளவில் ஓடும் சிறு படமொன்றையும் கண்டாக வேண்டும். சுவரொட்டியின் அடியிலே சிறிய எழுத்தில் அதன் பெயர் இருக்கும். இருளில் இருக்கை தேடித் தடவியவாறே பாதியிற் பார்க்கப்பட்ட அச் சிறு படங்களுட் பெரும்பாலானவை குற்றக் கதைகள். விமர்சகர் அவற்றைப் பொருட்படுத்தியது குறைவு. ஆயினும், உடன் ஓடிய பெரிய படங்கள் பல மறக்கப்பட்ட பின்னரும், இவற்றுட் சில இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அதற்குக் காரணம் யாது?

இவற்றின் பிறப்புப் பெருமைக்குரியதன்று. ஹொலிவூட் படங்களின் வெள்ளத்திலே சொந்தத் தொழில் அமிழ்ந்துவிடாதிருக்க, படங்களை வாடகைக்கு விடுவோரும் காட்டுவோரும் குறித்த வீதம் பிரித்தானியப் படங்களைக் கையாள வேண்டுமென 1927ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விதி நிறைவேறினாற் போதுமென எண்ணிய அமெரிக்கக் கம்பனிகள் மலிவிலும் மலிவாகப் படங்களை எடுப்பித்தன. 'அடிக்கு ஒரு பவுண்' என்பது அக்காலத்துக் கணக்கு. ஆறாயிரம் அடிப் படத்துக்கு ஆறாயிரம் பவுண்! துணியைப் போலக் கலையை முழம்போட்ட இவ்வேற்பாட்டினாற் குப்பையே மிகுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பின்னாளிற் புகழ்பெற்ற இயக்குநர் மைக்கல் பவல் தொழில் பயின்ற பள்ளிக்கூடமும் இதுவே. 1931க்கும் 1936க்கும் இடையில் அவர் இத்தகைய படங்கள் இருபதுக்கு மேல் எடுத்தார்.

போருக்குப் பின் இத்தொழில் மீண்டும் தழைத்தது. தென் லண்டனில் இருந்த மேர்ட்டன் பார்க் என்னும் சிறிய ஸ்ரூடியோ, 1953 முதல் 'ஸ்கொட்லாண்ட் யார்ட்' வரிசையையும், 1960 முதல் எட்கர் வாலஸின் பெயர் தாங்கிய நாற்பதுக்கு மேற்பட்ட துப்பறியும் படங்களையும் வெளியிட்டது. அவசரத்தில் எழுதிக் குவித்த வாலஸுக்கு அவசரத்தில் எடுத்த படங்கள் பொருத்தமான நினைவுச் சின்னம்தான்!

குற்றக் கதைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு தொலைபேசி, மழைச்சட்டை அணிந்த இன்ஸ்பெக்டர், இவை போதும். தெருவைச் செயற்கையாக அமைக்கப் பணமில்லாத இயக்குநர், கமராவுடன் உண்மைத் தெருவுக்கே செல்ல நேர்ந்தது. குண்டு விழுந்த வெற்றுநிலம், கரி படிந்த வீட்டு வரிசை, தேநீர்க் கடை எல்லாம் இவ்வாறு படத்திற் பதிந்தன. அரண்மனை போன்ற காட்சிகளை அமைத்த பெரிய படங்கள் தவறவிட்ட லண்டனை வறுமை இவற்றுக்குக் கொடுத்தது.

வேர்ணன் சுவெல் இயக்கிய 'தி மான் இன் த பாக் சீற்' (1961) என்ற படத்தைப் பாருங்கள். நாய்ப் பந்தயத்திற் பணம் வாங்கும் ஒருவனை இரு இளைஞர்கள் அடித்துப் பணப்பையைப் பறிக்க முனைகிறார்கள். பையோ அவன் மணிக்கட்டோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறு வழியின்றி, மயங்கிய மனிதனைக் காரின் பின்னாசனத்திற் போட்டுக்கொண்டு இரவெல்லாம் அலைகிறார்கள். அவன் இறந்தால் களவு கொலையாகிவிடும். களவின் பொருட்டுச் செய்த கொலைக்கு அக்காலத்துச் சட்டம் தூக்குத் தண்டனை வைத்திருந்தது. ஒரு காரும் ஓர் இரவும் கொண்டு இதைவிட நெஞ்சை இறுக்கிவிட முடியாது.

ஆனால் இவ்வகையில் நாம் முதலிடம் கொடுப்பது, திகிற் படங்களாற் பெயர் பெற்ற ஹமர் கம்பனியார் 1961இல் தயாரித்த 'காஷ் ஒன் டிமாண்ட்' என்ற படத்துக்கே. தொலைக்காட்சி நாடகமொன்றைத் தழுவி, குவென்ரின் லோறன்ஸ் இயக்கியது. கதை ஏறக்குறைய முழுவதும் சிற்றூர் வங்கியொன்றினுள்ளேயே நடக்கிறது. நத்தாருக்கு முந்திய நாட்கள், வெளியே பனி. முகாமையாளர் ஃபோர்டைஸ் விதியே உருவானவர். மைக்கூடு இருக்க வேண்டிய இடம் முதற்கொண்டு அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. அற்பப் பிழையொன்றுக்காக, நெடுநாள் உழைத்த தலைமை எழுதுவினைஞர் பியர்சனின் வேலையையே பறித்துவிடுவதாக மிரட்டுகிறார். அப்போது காப்புறுதி அதிகாரி என்று கூறிக்கொண்டு ஒரு கனவான் உள்ளே வருகிறார். "உமது மனைவியும் மகனும் எம் கையில், உமது வங்கியை நீரே கொள்ளையிட உதவும்" என்பதே அவர் கொண்டுவந்த செய்தி.

பீற்றர் குஷிங் ஃபோர்டைஸாகவும், அன்ட்ரே மொரல் கள்வனாகவும் நடித்தனர். கள்வன் சிரித்துப் பேசுகிறான். ஊழியரிடம் அன்பு காட்டுகிறான். முகாமையாளரின் கல்நெஞ்சை அவருக்கே எடுத்துரைக்கிறான். குற்றவாளி நீதி கூற, நேர்மையாளர் வியர்த்து நிற்கும் அந்த அறையிலே, துப்பாக்கிச் சூடு எதுவுமின்றி ஒரு மனிதனின் மிடுக்குச் சிறிது சிறிதாக உடைகிறது. இறுதியில் ஃபோர்டைஸ் கெஞ்சி நிற்க வேண்டியது எவர் முன்னிலையில்? காலையில் தாம் அவமதித்த அதே பியர்சன் முன்னிலையில். அலுவலகத்திலோ வகுப்பறையிலோ பிறர்மேல் அதிகாரம் செலுத்தியவர் எவரும் குஷிங்கின் அந்த முகத்தை எளிதில் மறக்கமாட்டார்.

எல்லாப் படங்களும் இத்தகையன என்று சொல்ல நாம் துணியோம். அமெரிக்காவில் விலைபோக வேண்டுமென்று, அங்கே ஒளி மங்கிய நடிகர்களை வரவழைத்துக் கதைக்குச் சம்பந்தமின்றி லண்டனில் உலவவிட்டார்கள். பெண்களுக்கு அலறுவதைத் தவிர வேறு வேலை கொடுக்காத படங்களும் பல.

தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்ததும் இவற்றின் வாழ்வு முடிந்தது. 1946இல் 160 கோடிக்கு மேலிருந்த பிரித்தானியப் படமாளிகைகளின் ஆண்டுச் சீட்டு விற்பனை, 1965இல் ஏறத்தாழ 33 கோடியாகச் சுருங்கியது. இரட்டைப் படக் காட்சி மெல்ல மறைந்தது; வாலஸ் வரிசையும் அவ்வாண்டுகளிலேயே நின்றது. அவற்றைக் கொன்ற தொலைக்காட்சியே பின்னர் அவற்றுக்குப் புகலிடமாயிற்று. 2015இல் பிரித்தானியாவில் ஆரம்பிக்கப்பட்ட 'ரோக்கிங் பிக்சர்ஸ்' என்னும் ஒளிபரப்பு இத்தகைய பழம்படங்களையே தன் சரக்காகக் கொண்டது. அவற்றைப் பார்ப்போரிற் சிலர் கள்வனைக் கவனிப்பதில்லை. அவன் ஓடும் தெருவில் எந்தக் கடை இருந்தது என்றே தேடுகின்றனர்.