பூட்டின் கதை – 14: காசாளரை நம்பாத கதவு

போன வாரம் எண்பூட்டின் வட்டைத் திருகிக்கொண்டிருந்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தாக்குப்பிடித்த வங்கிப் பெட்டக அறை என்று சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், நடுவில் நார்த்ஃபீல்டு என்ற ஊர் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

எண்பூட்டு வந்ததும் சாவித்துளை போயிற்று. துளை வழியாக வெடிமருந்து திணிக்கும் வித்தையும் போயிற்று. திருடர்கள் கதவை விட்டுவிட்டு எண் தெரிந்த ஆளைப் பிடித்தார்கள். 1876 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்தாம்ப்டனில், ராத்திரியில் வங்கிக் காசாளர் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கட்டிப்போட்டு, அடித்து எண்ணைக் கறந்தார்கள். பணமும் பத்திரங்களுமாகப் போனது பத்து லட்சம் டாலருக்கும் மேல். ஸ்ட்ராங் ரூம் சுவர் எத்தனை அடி கனம் இருந்து என்ன, காசாளரின் விலா எலும்பு கனம் அவ்வளவுதானே!

இதற்கு மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது. நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873-ல் நேரப்பூட்டைச் செய்தார். மறு ஆண்டு இல்லினாய் மாநிலத்து மோரிசன் ஊர் வங்கியில் அது ஏறியது. கதவின் உட்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இரண்டு அல்லது மூன்று கடிகாரங்கள். மாலையில் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்துச் சாவி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் தீர்ந்தது. முள் பூஜ்யத்துக்கு வரும்வரை, சரியான எண்ணைத் திருகினாலும் தாழ் அசையாது. ஒரு கடிகாரம் நின்றுபோனாலும் இன்னொன்று திறந்துவிடும், அதற்காகத்தான் கூடுதலாக ஒன்றிரண்டு. எல்லாம் சேர்ந்து நின்றால்? துளைபோடுகிறவரைக் கூப்பிட வேண்டியதுதான். சாவி கொடுக்கும்போது மணிக்கணக்கில் கூட்டல் பிசகினால் திங்கட்கிழமை காலையில் மேனேஜர், கேஷியர், வாடிக்கையாளர் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நம் ஊர் வங்கிகளில் பழைய ஏற்பாடு வேறு: இரண்டு சாவி, இரண்டு ஆள். என் சித்தப்பா ஒரு கிளையில் தலைமைக் காசாளர். அவசரத்துக்கு லீவு போட்டாலும், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்த பிறகுதான் பஸ் ஏறுவார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்து சேர்வார். சித்தி அந்தச் சாவிக்கு வைத்திருந்த பெயரை இங்கே அச்சிட முடியாது.

சரி, நார்த்ஃபீல்டு. மினசோட்டா மாநிலம், 1876 செப்டம்பர் 7. கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் கும்பல், எட்டுப் பேர். மூவர் வங்கிக்குள், மற்றவர்கள் தெருவில். காசாளர் வெளியூர் போயிருந்ததால் அவர் இடத்தில் ஜோசஃப் லீ ஹேவுட். பெட்டக அறையில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திற என்று துப்பாக்கியை நீட்டினார்கள். நேரப்பூட்டு போட்டிருக்கிறது, இப்போது திறக்காது என்றார் ஹேவுட். ஒருவன் பெட்டக அறைக்குள் கால் வைத்ததும், பாய்ந்து கதவைச் சாத்தி அவனை உள்ளேயே அடைக்கப் பார்த்தார். அடித்துக் கீழே தள்ளினார்கள். அப்போதும் அதே பதில். அதற்குள் தெருவில் ஊர்க்காரர்கள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடும்போது ஹேவுட்டைத் தலையில் சுட்டுவிட்டுப் போனார்கள். கையில் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான். அறைக்குள் இருந்த அந்த இரும்புப் பெட்டி பூட்டியே இல்லை! வெறுமனே சாத்தியிருந்தது. ஆளை அடித்தார்கள், மிரட்டினார்கள். கைப்பிடியை இழுத்துப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. சார்ஜென்டின் பூட்டைப் பற்றிய பேச்சு திருடர்கள் காதுவரை போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இல்லாவிட்டால் அந்தப் பொய் ஒரு நிமிஷம்கூட நின்றிருக்காது.

கும்பலில் இருவர் தெருவிலேயே செத்தார்கள். அதே கும்பலைச் சேர்ந்த யங்கர் சகோதரர்கள் மூவரும் இரண்டு வாரத்தில் பிடிபட்டார்கள். ஜெஸ்ஸியும் அண்ணன் ஃபிராங்கும் தப்பிவிட்டார்கள். அந்த வங்கிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். வருடா வருடம் செப்டம்பரில் ஊரே திரண்டு, குதிரையும் துப்பாக்கியுமாகத் தெருவில் அந்தக் கொள்ளையை நடித்துக் காட்டுகிறது.

உதவி ஆசிரியர் போனில் பிடித்துவிட்டார், பக்கம் முடிந்ததாம். ஹிரோஷிமாவின் தேய்கோகு வங்கிக் கதவும், அதைச் செய்த மாஸ்லர் கம்பெனி அந்த அணுகுண்டையே விளம்பரமாக்கிய சாமர்த்தியமும் அடுத்த வாரம். வேறு எந்த ஊரும் குறுக்கிடாவிட்டால்.