பூஜையறையில் ஒரு மூஞ்சூறுக் குடும்பம்

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று. மார்கழி விடியற்காலையில் விளக்கேற்றச் சென்ற மூதாட்டி, பூஜையறைச் சுவரோரம் சாம்பல் நிறத்தில் நீளமாக ஏதோ ஊர்வதைக் கண்டு, பாம்பென்று அலறிவிட்டார். தடியோடு விரைந்து வந்த கணவர், மூக்குக் கண்ணாடியை அணிந்த பின்னரே உண்மையை உணர்ந்தார். கயிற்றைப் பாம்பென மயங்குவதை வேதாந்தம் உவமையாகக் கூறும். இங்கே அவ்வாறு மயக்கியவை ஐந்து உயிர்கள். தாய் மூஞ்சூறு முன்னே செல்ல, அதன் வாலடியை ஒரு குட்டி கவ்வியிருந்தது. அதனை அடுத்தது கவ்வ, இவ்வாறே நான்கு குட்டிகள்.

எலி நடமாட்டம் என்றெண்ணி முதல் நாள் அவர் வைத்த பசை அட்டை, இரண்டடி தொலைவில் அதே சுவரோரம் கிடந்தது.

மூஞ்சூறு எலியினம் அன்று. கூரிய நீள்மூக்கும் கடுகளவு கண்களும் அதன் அடையாளம். பார்வை மங்கலாதலால் சுவரை ஒட்டியே ஓடும். கரப்பானும் பூச்சிகளுமே அதற்கு முக்கிய இரை. துர்நாற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. கையால் பிடித்தால் கடிக்கவும் செய்யும்.

“பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, அவர் வாகனத்துக்குப் பசையா?” என்றார் மூதாட்டி.

முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் குனிந்து அட்டையை இழுத்தெடுத்தார் பெரியவர். கொல்லைக் கதவைத் திறந்து, சுவருக்கு இணையாகப் பலகையொன்றைச் சாய்த்து வழி அமைத்தார். விளக்கேற்றாமல் இருவரும் அசையாது நின்றனர். வரிசை கலையாமல் அக்குடும்பம் கிணற்றடிக் கற்களுக்கிடையே மறைந்தது.

அன்று வாசலில் கோலம் விழத் தாமதமாயிற்று.